இணைகோடு என்று எவ்வாறு துணிவது?

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றி வந்தவர்கள் நம் முன்னோர். எழுத்தறிவில் நாட்டம் கொள்ளும் நம் பிள்ளைகளுள் பலர் எண்ணறிவு என்றதும், அதிலும் வடிவியல் என்றதும், சற்றே பின்வாங்குகின்றனர். கோடு கீறுவது அவர்களுக்கு எளிதாக இருக்கின்றது. ‘ஏன்’ என்று கேட்டால்தான் தொல்லையாக இருக்கின்றது. ஆனால் அந்த ‘ஏன்’ என்னும் வினாவே வடிவியலின் உயிர். அதனை மாணவச் செல்வங்களுக்கும், பெற்றோர்களுக்கும், தோட்டத் தொழிலாளப் பெருமக்களுக்கும் இவ்வாண்டு மலரின் வாயிலாக ஒருங்கே விளக்க விழைகின்றோம். அதற்குக் காரணமான ஒரு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆறாம் ஆண்டு வகுப்பில் நாம் இணைகோடுகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தோம். பலகையில் கையால் இரண்டு கோடுகளைக் கீறி, “இவை இணைகோடுகள், எவ்வளவு நீட்டினாலும் ஒன்றையொன்று சந்திக்கமாட்டா” என்று கூறினோம். பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, பலகை முடிந்த பிறகும் அவை சந்திக்காது என்று எப்படித் தெரியும்?” என்று வினவினாள். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்துவிட்டு, “பார்த்தாலே தெரியவில்லையா?” என்று கூறி அவளை அமரச் செய்தோம்.

பள்ளி முடிந்தபின் அக்கோடுகளை அளந்து பார்த்தோம். பலகையின் இடக்கோடியில் அவற்றின் இடைவெளி 20 சென்டிமீட்டர். வலக்கோடியில் 19 சென்டிமீட்டர். பலகையின் நீளம் 2 மீட்டர். 2 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் குறைந்துகொண்டே போனால், 40 மீட்டரில் இடைவெளி முழுவதும் மறைந்துவிடும். நாம் ‘சந்திக்கமாட்டா’ என்று சொன்ன கோடுகள் பள்ளித் திடலைத் தாண்டுமுன்னரே சந்தித்திருக்கும்! நம் கண் நம்மை ஏமாற்றிற்று. நாம் அச்சிறுமியை ஏமாற்றிவிட்டோம். மறுநாள் வகுப்பில் அதனை ஒப்புக்கொண்டோம். எனினும் அவள் கேட்ட வினாவிற்கு முழுமையான விடையை அன்று நாம் அளிக்கவில்லை. அவ்விடையே இக்கட்டுரை.

சிக்கல் எங்கே இருக்கின்றது?

இற்றைக்கு ஏறத்தாழ 2300 ஆண்டுகளுக்கு முன்னர் எகிப்து நாட்டின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்தவர் யூக்ளிட் என்னும் கிரேக்க அறிஞர். அவர் இயற்றிய ‘எலிமெண்ட்ஸ்’ என்னும் நூல் 13 பகுதிகளைக் கொண்டது. ஒரே தளத்தில் அமைந்து, இரு புறமும் எல்லையின்றி நீட்டினாலும் எப்புறத்திலும் சந்திக்காத நேர்கோடுகளே இணைகோடுகள் என்று அதன் முதற்பகுதியிலேயே அவர் வரையறுத்தார்.

இவ்வரையறையைச் சற்றே சிந்தித்துப் பாருங்கள். ‘எல்லையின்றி நீட்டினாலும்’ என்கிறார். எல்லையில்லாத தொலைவு நடந்து சென்று பார்த்து வரக்கூடியவர் யார்? எவருமில்லர். கண்ணால் பார்த்து முடிவு செய்யலாமா என்றால், அதுவும் இயலாது. பூலாவ் செபாங் இரயில் நிலையத்தின் நடைமேடையில் நின்று தண்டவாளங்களைப் பாருங்கள். அவை இணையானவை, இல்லையேல் வண்டி ஓடாது. ஆயினும் தொலைவில் ஒன்றுசேர்வனபோலத் தோன்றுகின்றன. நம் பலகைக் கோடுகளோ இணையாகத் தோன்றின, உண்மையில் இணையல்ல. இணையானது இணையல்லாததாகவும், இணையல்லாதது இணையானதாகவும் தோன்றுமாயின், கண்ணின் சாட்சியை எவ்வாறு ஏற்பது?

ஆகவே, தொலைவிற்குச் செல்லாமல், நம் கைக்கெட்டும் இடத்திலேயே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனை வேண்டும். அச்சோதனையின் முடிவு எல்லையில்லாத் தொலைவிற்கும் பொருந்த வேண்டும். அதனை நமக்கு அளிப்பது முக்கோணம்.

பால்மரம் கற்பிக்கும் பாடம்

நம் மலாக்கா மண்ணிற்கும் கோடுகளுக்கும் நெடுநாளைய உறவு உண்டு. மலாயாவில் முதன்முதலாக வணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டவர் எனப் போற்றப்படுபவர் டான் சே யான். 1896ஆம் ஆண்டில் அவர் மரங்களை நட்ட இடம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங். அவரை ஊக்குவித்தவர் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநராக இருந்த ஹென்றி ரிட்லி. மரத்தைக் கொல்லாமல், பட்டையை மெல்லிய சீவலாக நாள்தோறும் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பரப்பியவரும் அவரே. அன்று முதல் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் ஒவ்வொரு மரத்திலும் இணைகோடு வரைந்துகொண்டே வந்துள்ளனர்.

பால்மரத்தின் வெட்டு இடப்புறம் உயர்ந்தும் வலப்புறம் தாழ்ந்தும் சரிவாக அமைந்திருக்கும். பட்டைக்குள் பாலோடும் நுண்குழாய்கள் மேலே செல்லச் செல்லச் சற்றே வலப்புறம் சாய்ந்திருப்பதால், இச்சரிவே மிகுதியான குழாய்களை அறுக்கும். கிடைமட்டத்திலிருந்து இச்சரிவு ஏறத்தாழ 30 பாகை. புதிய பட்டையைத் திறக்கும்பொழுது மரத்தின்மேல் செங்குத்தாக ஒரு கோடு கீறி, வளையக்கூடிய தகட்டை அதனோடு பொருத்திச் சரிவுக்கோட்டைக் குறிப்பார்கள். கீழே இறங்கி மறுபடியும் அதே தகட்டைப் பொருத்தி அடுத்த சரிவுக்கோட்டைக் குறிப்பார்கள். அக்கோடுகள் இணையாக அமைகின்றன. அவற்றிற்கிடையே உள்ள இடைவெளியை எவரும் அளப்பதில்லை. பிறகு எப்படி இணையாயின?

தகடு ஒன்றே, ஆகவே செங்குத்துக்கோட்டோடு ஒவ்வொரு சரிவுக்கோடும் செய்யும் கோணமும் ஒன்றே. இரண்டு கோடுகளை மூன்றாவது கோடு ஒன்று குறுக்கே வெட்டும்பொழுது, ஒரே நிலையில் அமையும் கோணங்களை ‘ஒத்த கோணங்கள்’ என்கிறோம். ஒத்த கோணங்கள் சமமாயின், அவ்விரு கோடுகளும் இணையானவை. இதுவே நாம் தேடிய முதல் சோதனை. (மரம் உருளையாக இருக்கின்றதே என்று கேட்கும் பிள்ளைகள், மரத்தைச் சுற்றி ஒட்டிய தாளை உரித்துத் தரையில் விரித்ததாக எண்ணிக்கொள்க.)

இச்சோதனையை ஏன் நம்ப வேண்டும்? இங்கேதான் முக்கோணம் வருகின்றது. ஒத்த கோணங்கள் சமமாக இருந்தும் அவ்விரு கோடுகளும் தொலைவில் ஓரிடத்தில் சந்திப்பதாக வைத்துக்கொள்வோம். அப்படியாயின் அவ்விரு கோடுகளும் குறுக்கு வெட்டும் கோடும் சேர்ந்து ஒரு முக்கோணம் ஆகும். அம்முக்கோணத்தில், சமம் என்று நாம் கூறிய இரு கோணங்களுள் ஒன்று வெளிக்கோணமாகவும், மற்றொன்று அதற்கு உள்ளெதிர்க் கோணமாகவும் அமையும். ஆனால் எந்த முக்கோணத்திலும் வெளிக்கோணம் தன் உள்ளெதிர்க் கோணத்தைவிடப் பெரியதே அன்றி ஒருபோதும் சமமாகாது. இதனை யூக்ளிட் தம் முதற்பகுதியின் 16ஆம் கூற்றில், இணைகோட்டின் துணையில்லாமலேயே நிறுவியுள்ளார். சமம் என்றும், சமமில்லை என்றும் ஒரே நேரத்தில் கூற இயலாது. எனவே அப்படியொரு முக்கோணம் இருக்கவே முடியாது. கோடுகள் சந்திக்கவும் முடியாது.

எத்துணை அழகான வாதம் பாருங்கள்! எவரும் தொலைவிற்குச் செல்லவில்லை. சந்திக்கும் என்று வாதத்திற்காக ஏற்றுக்கொண்டு, அதனால் விளையும் முரண்பாட்டைக் காட்டி, சந்திக்காது என்று நிறுவிவிட்டோம்.

செம்பனையின் முக்கோணம்

கடந்த அரை நூற்றாண்டில் நம் வட்டாரத் தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. மரம் மாறினாலும் வடிவியல் மாறவில்லை. ஜாசினுக்கோ அலோர் காஜாவுக்கோ பேருந்தில் செல்லும்பொழுது செம்பனைத் தோட்டத்தைக் கவனித்திருப்பீர்கள். வண்டி நகர நகர, ஒரு கணம் நேரான பாதைபோல ஒரு நிரை திறக்கும். அடுத்த கணம் வேறு திசையில் மற்றொரு நிரை திறக்கும். ஏன் இவ்வாறு?

சமவெளியில் செம்பனையைச் சதுரமாக நடுவதில்லை. சமபக்க முக்கோணமாக நடுகின்றனர். மரத்திற்கு மரம் 9 மீட்டர் என்பது பரவலான அளவு. அவ்வாறு நட்டால் அடுத்தடுத்த நிரைகளுக்கு இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 7.8 மீட்டர் ஆகும். ஒரு மரத்திற்குரிய நிலம் 9 பெருக்கல் 7.8, அதாவது ஏறத்தாழ 70 சதுர மீட்டர். ஒரு ஹெக்டர் என்பது 10,000 சதுர மீட்டர். அதில் ஏறத்தாழ 142 மரங்கள் நிற்கும். அதே 9 மீட்டர் இடைவெளியில் சதுரமாக நட்டால் ஒரு மரத்திற்கு 81 சதுர மீட்டர் வேண்டும். ஹெக்டருக்கு ஏறத்தாழ 123 மரங்களே நிற்கும். முக்கோணத்தின் சிறப்பு இதுவே: எந்த மரமும் மற்றொரு மரத்தை 9 மீட்டருக்குள் நெருக்குவதில்லை, ஆயினும் மரங்கள் மிகுதி.

இந்நடவிற்கு முதலில் ஓர் அடிக்கோடு பிடிக்கின்றனர். அதன்மேல் 9 மீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடிக்கின்றனர். அடுத்தடுத்த இரு முளைகளிலிருந்து 9 மீட்டர்க் கயிறுகள் இரண்டை இழுத்துப் பிடித்தால், அவற்றின் நுனிகள் சேருமிடத்தில் மூன்றாவது முளை. இவ்வாறே முக்கோணத்தின்மேல் முக்கோணமாகக் காடு முழுவதும் அளக்கப்படுகின்றது. மலைச்சரிவில் படிக்கட்டு வெட்டி நடுவது வேறு முறை. அதனை இங்கு நாம் எடுத்துக்கொள்ளவில்லை.

முன்னர்க் கூறிய மாணவியின் தந்தையார், மறுநடவுக் காலத்தில் இவ்வாறு நிரை பிடிக்கும் வேலை செய்தவர். மகளின் தேர்ச்சி அறிக்கையைப் பெற வந்தபொழுது, பலகையில் நடந்ததை அவரிடம் கூறினோம். அவர் சிரித்துக்கொண்டே, “நாங்கள் கண்ணை நம்புவதில்லை, ஐயா. கயிற்றைத்தான் நம்புவோம்” என்றார். அது வெறும் பேச்சன்று. நிரையின் திசை ஒரே ஒரு பாகை பிசகினாலும் 400 மீட்டர்த் தொலைவில் அது ஏறத்தாழ 7 மீட்டர் விலகிவிடும். அதாவது, கிட்டத்தட்ட அடுத்த நிரையின்மேல் போய் விழும். 25 ஆண்டுகள் நிற்க வேண்டிய மரத்தைப் பிடுங்கி மாற்றி நட இயலுமா?

நடுப்புள்ளி கூறும் உண்மை

கயிறு ஏன் பொய் சொல்வதில்லை என்பதை இப்பொழுது நிறுவுவோம். ஒரு தாளையும் எழுதுகோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ‘க’ என்னும் மரத்தின் அடியில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒரு நிரை வழியே நடந்தால் 9 மீட்டரில் ‘ம’ என்னும் மரம். 18 மீட்டரில் ‘ச’ என்னும் மரம். மீண்டும் ‘க’ மரத்திலிருந்து மற்றொரு நிரை வழியே நடந்தால் 9 மீட்டரில் ‘ப’. 18 மீட்டரில் ‘ட’. இப்பொழுது ‘கசட’ ஒரு பெரிய முக்கோணம். ‘ம’ என்பது ‘கச’ பக்கத்தின் நடுப்புள்ளி. ‘ப’ என்பது ‘கட’ பக்கத்தின் நடுப்புள்ளி. ‘மப’ என்னும் நிரை, ‘சட’ என்னும் நிரைக்கு இணை என்று நாம் நிறுவ வேண்டும்.

இதற்கு நம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் அறிந்த ஒன்றே போதும்: முக்கோணத்தின் பரப்பளவு, அடிப்பக்கத்தையும் உயரத்தையும் பெருக்கி வருவதில் பாதி.

முதலாவதாக, ‘ப’விலிருந்து ‘ச’வுக்கு ஒரு கோடு கீறுங்கள். ‘கபச’ என்னும் முக்கோணம் கிடைக்கும். ‘மப’ என்னும் கோடு அதனை ‘கமப’, ‘மசப’ என இரண்டாகப் பிரிக்கின்றது. இவ்விரண்டின் அடிப்பக்கங்களான ‘கம’வும் ‘மச’வும் சமம், உச்சி இரண்டிற்கும் ‘ப’ ஒன்றேயாதலால் உயரமும் ஒன்றே. எனவே இரண்டின் பரப்பளவும் சமம்.

இரண்டாவதாக, ‘ம’விலிருந்து ‘ட’வுக்கு ஒரு கோடு கீறுங்கள். அதேபோல ‘கமப’ முக்கோணமும் ‘பமட’ முக்கோணமும் பரப்பளவில் சமம்.

மூன்றாவதாக, ‘மசப’வும் ‘கமப’வும் சமம்; ‘கமப’வும் ‘பமட’வும் சமம். ஆதலால் ‘மசப’வும் ‘பமட’வும் ஒன்றுக்கொன்று சமம்.

நான்காவதாக, இவ்விரு முக்கோணங்களையும் உற்றுநோக்குங்கள். இரண்டிற்கும் ‘மப’வே அடிப்பக்கம். அடிப்பக்கம் ஒன்றாகவும் பரப்பளவு சமமாகவும் இருந்தால் உயரமும் சமமாகத்தான் இருக்க வேண்டும். அதாவது, ‘மப’ கோட்டிலிருந்து ‘ச’ எவ்வளவு தொலைவில் உள்ளதோ அவ்வளவு தொலைவிலேயே ‘ட’வும் உள்ளது. இரண்டும் அக்கோட்டின் ஒரே பக்கத்தில் உள்ளன. ஆகவே ‘சட’ என்னும் கோடு ‘மப’வை நெருங்குவதுமில்லை, விலகுவதுமில்லை. இரண்டும் இணை.

பலகையில் நாம் செய்திருக்க வேண்டிய சோதனையும் இதுவே. அங்கே ஒரு முனையில் 20, மறுமுனையில் 19. இங்கே இரு முனைகளிலும் ஒரே அளவு. ஆனால் ஒரு வேறுபாடு: அங்கே நாம் அளந்தோம், இங்கே அளக்காமலேயே அறிந்துகொண்டோம். முக்கோணம் சமபக்கமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வாதத்தில் எங்கேயும் நாம் 60 பாகையைப் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனித்தீர்களா? எந்த முக்கோணமானாலும், இரு பக்கங்களின் நடுப்புள்ளிகளை இணைக்கும் கோடு மூன்றாம் பக்கத்திற்கு இணையாகவே இருக்கும்.

நடுப்புள்ளி இல்லையாயின்?

பிள்ளைகளே, இதே வாதத்தை மேலும் ஒரு படி கொண்டு செல்லலாம். ‘ம’வும் ‘ப’வும் நடுவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரு பக்கங்களையும் அவை ஒரே விகிதத்தில் பிரித்தால் போதும். எடுத்துக்காட்டாக, தாளில் ‘கம’ 6 சென்டிமீட்டர், ‘மச’ 9 சென்டிமீட்டர், ‘கப’ 4 சென்டிமீட்டர், ‘பட’ 6 சென்டிமீட்டர் என்று கொள்வோம். 6க்கு 9 என்பது 2க்கு 3. 4க்கு 6 என்பதும் 2க்கு 3. உயரம் ஒன்றாக இருக்கையில் பரப்பளவு அடிப்பக்கத்தின் விகிதத்தைப் பின்பற்றும். ஆதலால் ‘கமப’ 2 பங்கு என்றால் ‘மசப’ 3 பங்கு; ‘பமட’வும் 3 பங்கு. மறுபடியும் அவை சமம், உயரங்கள் சமம், கோடுகள் இணை.

யூக்ளிட் தம் நூலின் ஆறாம் பகுதியில் இரண்டாம் கூற்றாக இதனை வைத்துள்ளார். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதனை ‘அடிப்படை விகிதசமத் தேற்றம்’ என்றும், அவருக்கும் முந்திய கிரேக்க அறிஞர் ஒருவரின் பெயரால் ‘தேல்ஸ் தேற்றம்’ என்றும் வழங்குகின்றன. அத்தேற்றத்திற்கு இரு முகங்கள் உண்டு. ‘கோடுகள் இணையாயின் விகிதங்கள் சமம்’ என்பது தேற்றம். ‘விகிதங்கள் சமமாயின் கோடுகள் இணை’ என்பது அதன் மறுதலை. இணை என்று நிறுவுவதற்கு நமக்குப் பயன்படுவது மறுதலையே. ஒரு கூற்று உண்மை என்பதனால் அதன் மறுதலையும் உண்மையாகிவிடாது. ‘பால்மரமாயின் அதற்கு இலை உண்டு’ என்பது உண்மை. ‘இலை உண்டாயின் அது பால்மரம்’ என்பது உண்மையாகுமா? ஆகவேதான் மறுதலையைத் தனியே நிறுவ வேண்டியுள்ளது.

விரைவாகச் சரிபார்க்க ஒரு வழியும் உண்டு. மேலே உள்ள எண்களைக் குறுக்காகப் பெருக்குங்கள். 6 பெருக்கல் 6, 36. 9 பெருக்கல் 4, 36. சமம், எனவே இணை. ‘கப’ 5, ‘பட’ 7 என்று மாற்றினால்? 6 பெருக்கல் 7, 42. 9 பெருக்கல் 5, 45. சமமில்லை, எனவே அக்கோடுகள் கண்ணுக்கு எவ்வளவு இணையாகத் தோன்றினாலும் இணையல்ல.

தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் அனுபவத்தில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள் மூன்று.

முதல் தவறு, படத்தைப் பார்த்து ‘இணையாகத் தெரிகின்றது, எனவே இணை’ என்று எழுதுவது. இத்தவற்றைச் செய்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறைக்கவில்லை. படம் சிந்தனைக்குத் துணை செய்யும்; சாட்சி சொல்லாது.

இரண்டாம் தவறு, நிறுவ வேண்டியதையே முன்கூட்டி எடுத்துக்கொள்வது. ‘கோடுகள் இணை, எனவே ஒத்த கோணங்கள் சமம், ஒத்த கோணங்கள் சமம், எனவே கோடுகள் இணை’ என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. இது, அண்ணன் நல்லவன் என்பதற்குத் தம்பியும், தம்பி நல்லவன் என்பதற்கு அண்ணனும் சாட்சி சொல்வதைப் போன்றது. வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும். கேள்வியில் கொடுக்கப்பட்டது எது, நாம் நிறுவ வேண்டியது எது என்று முதலில் இரு பத்திகளாக எழுதிக்கொண்டால் இத்தவறு நேராது.

மூன்றாம் தவறு நுட்பமானது. ‘மப’வின் நீளம் ‘சட’வின் நீளத்தில் பாதி, ‘ம’ நடுப்புள்ளி, எனவே இணை என்று சிலர் முடிவு செய்வர். மீண்டும் செம்பனைக் காட்டிற்கே வாருங்கள். ‘சட’வின் நீளம் 18 மீட்டர். ‘ம’ மரத்தடியில் நின்று, ‘கட’ நிரையில் 9 மீட்டர்த் தொலைவில் உள்ள மரம் எது என்று கேட்டால் ‘ப’ என்பீர்கள். சரி. ஆனால் ‘க’ மரமும் அதே நிரையில்தான் உள்ளது. அதுவும் ‘ம’விலிருந்து 9 மீட்டர்தான்! ‘மக’ என்னும் கோடு ‘சட’வுக்கு இணையா? இல்லவே இல்லை, அது நேரே சென்று ‘ச’விலேயே ‘சட’வைச் சந்திக்கின்றது. எனவே நீளம் பாதியாக இருப்பது மட்டும் போதாது. இரு பக்கங்களும் ஒரே விகிதத்தில் பிரிபடுகின்றனவா என்பதையே பார்க்க வேண்டும்.

திடலில் செய்து பாருங்கள்

இதனை வாசித்ததோடு நிறுத்திவிடாதீர்கள். நால்வர் ஒன்றுசேருங்கள். திடலில் மூன்று குச்சிகளை விருப்பம்போல் ஊன்றி, கயிறு கட்டி ஒரு முக்கோணம் அமையுங்கள். ஒரு பக்கத்துக் கயிற்றின் நீளத்திற்கு மற்றொரு கயிற்றை வெட்டி, அதனை இரண்டாக மடித்து நடுப்புள்ளியைக் குறியுங்கள். மற்றொரு பக்கத்திற்கும் அவ்வாறே செய்யுங்கள். இரு நடுப்புள்ளிகளையும் ஒரு கயிற்றால் இணையுங்கள். பிறகு மூலைமட்டத்தையும் அளவு நாடாவையும் கொண்டு, அக்கயிற்றுக்கும் மூன்றாம் பக்கத்திற்கும் உள்ள செங்குத்துத் தொலைவை இரண்டு மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். அடுத்த முறை கயிற்றை மூன்றாக மடித்து, உச்சியிலிருந்து ஒரு பங்கில் குறியிட்டுச் செய்து பாருங்கள். என்ன விடை வரும் என்பதை அளப்பதற்கு முன்னரே வாதத்தால் கூறிவிடுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, “எனக்குப் படிப்பு வராது, பிள்ளைக்கு நான் என்ன சொல்லிக்கொடுப்பது?” என்று நம்மிடம் பலர் வருந்திக் கூறியதுண்டு. தகட்டைப் பொருத்தி வெட்டுக்கோடு குறித்த கையும், கயிற்றை இழுத்து நிரை பிடித்த கையும் வடிவியல் அறியாத கைகளல்ல. அதன் பெயர்களை மட்டுமே அவை அறியவில்லை. மாலை வேளையில் பிள்ளையை அருகில் அமர்த்தி, நீங்கள் செய்த வேலையை அவனுக்கும் அவளுக்கும் விளக்குங்கள். ‘ஏன் அப்படிச் செய்தீர்கள்?’ என்று பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். நாம் ஒரு நாள் சிரித்து அடக்கிய வினா எவ்வளவு பெரிய வினா என்பதை இக்கட்டுரையே காட்டும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் இடைநிலைப்பள்ளி சென்றதும், படிவம் ஒன்றிலேயே கோடுகளையும் கோணங்களையும் பற்றிய பாடம் வரும். அங்கே இணைகோட்டைக் ‘கரிஸ் செலாரி’ என்பார்கள். ஒத்த கோணத்தைச் ‘சூடுட் செப்பாடான்’ என்பார்கள். சொல் புதிதாக இருக்கின்றதே என்று அஞ்ச வேண்டா. தமிழில் காரணத்தோடு கற்றவனுக்கு மொழி மாறும்பொழுது பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும். காரணத்தை மறுபடியும் தேட வேண்டியதில்லை. மனப்பாடம் மட்டும் செய்தவனோ இரண்டையும் இழந்து நிற்பான்.

நிறுவுதல் என்பதற்கு மற்றொரு சிறப்பும் உண்டு. அங்கே கூறுபவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. தோட்டத்துத் துரை கூறினாலும், கங்காணி கூறினாலும், பால்வெட்டுத் தொழிலாளியின் பிள்ளை கூறினாலும், காரணம் சரியாயின் முடிவு சரி. காரணம் தவறாயின் முடிவு நிற்காது. தலைமையாசிரியர் பலகையில் கீறிய கோடாயினும் அதே நீதிதான். நம் பிள்ளைகள் பெற வேண்டிய துணிவுகளுள் இது தலையாயது.

அன்று வினா எழுப்பிய மாணவி இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் பயில்கின்றாள். இம்மலரின் ஒரு படி அவள் இல்லத்திற்கும் செல்லும். பலகை முடிந்த பிறகும் கோடுகள் சந்திக்காது என்று எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். ‘ஒரு முக்கோணம் போட்டுப் பார், அம்மா; அது சொல்லும்’ என்பதே நாம் காலந்தாழ்த்தி அளிக்கும் விடை.